மலிவான வீடு, மராமத்துக்கு எவ்வளவு?

கடற்கரைப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வருகிறது.

மாடி இல்லாத காங்கிரீட் வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், சமையல் கட்டு. பின்னால் ஒரு போர். பக்கத்தில் ஒரு தென்னை. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்து இருக்கிறார்கள். கதவுக்கு வர்ணம் பூசி இருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

விலை 40 லட்சம் ரூபாய்.

"ஆரோவில்லுக்குப் பக்கத்தில் இந்த விலைக்கு வேறு வீடு கிடையாது. நாளைக்கு வந்தால் இதுவும் இருக்காது" என்கிறார் தரகர்.

வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். அந்த வீட்டை மராமத்துச் செய்ய எவ்வளவு ஆகும்?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பது இல்லை. விலையைப் பேசுகிறார்கள். பத்திரச் செலவை விசாரிக்கிறார்கள். எந்த வங்கியில் வட்டி குறைவு என்று அலைகிறார்கள். மராமத்தை மட்டும், "வாங்கிய பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டு விடுகிறார்கள்.

உள்நாட்டு ஊர்களில் அப்படி விட்டால், கையில் இருந்து கொஞ்சம் கூடுதலாகப் போகும். மரக்காணத்தில் இருந்து புதுச்சேரி வரை நீண்டு கிடக்கும் உப்புக் கரையில் அப்படி விட்டால், பல வருஷச் சேமிப்பே போய் விடும்.

ஏன்? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஆரோவில்லில் வீடு வாங்க முடியுமா?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு செய்து கொள்வோம்.

"ஆரோவில் வீடு விற்பனைக்கு" என்ற விளம்பரத்தை நீங்கள் பார்த்து இருக்கலாம். ஆரோவில்லுக்குள் யாரும் வீட்டை விற்க முடியாது. யாரும் வாங்கவும் முடியாது.

ஆரோவில் 1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தொடங்கப்பட்டது. அங்கே நிலமோ, கட்டிடமோ தனி மனிதருக்குச் சொந்தம் இல்லை என்பது தொடக்கத்தில் இருந்தே உள்ள ஏற்பாடு. 1988-ல் பாராளுமன்றத்தில் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி அமைந்த ஆரோவில் பவுண்டேஷன்தான் சொத்துக்களைப் பார்த்துக் கொள்கிறது. வீடு கட்டப் பணம் கொடுத்தவர் அதில் குடி இருக்கலாம். பட்டா அவர் பெயருக்கு வராது. ஆரோவில்லை விட்டுப் போனால், வீட்டை விற்றுப் பணத்தை எடுத்துக் கொண்டு போக முடியாது.

அப்படியானால் விற்பனைக்கு வரும் வீடுகள் எவை?

சுற்றி இருக்கும் கிராமங்களில் உள்ள வீடுகள். குயிலாப்பாளையம், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், இரும்பை போன்ற ஊர்களில் உள்ளவை. அவை சாதாரணப் பட்டா நிலங்கள். ஆரோவில் பெயர் விளம்பரத்தில் மட்டும்தான் இருக்கும். பத்திரத்தில் இருக்காது.

ஆரோவில்லுக்கு வருகிறவர்கள் தங்க இடம் தேடுகிறார்கள். புதுச்சேரியில் வேலை பார்க்கிறவர்களும் இந்தப் பக்கம் வாடகை வீடு தேடுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் திட்டமும் நடக்கிறது. அதில் முகையூர் - மரக்காணம் பகுதிக்கு, சுமார் 31 கிலோமீட்டருக்கு, 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். "ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் வாடகை வரும், விலையும் ஏறும்" என்று நடுத்தரக் குடும்பங்கள் நினைப்பதற்கு இதுதான் காரணம். அந்த நினைப்பில் தவறு இல்லை. கணக்கில்தான் தவறு வருகிறது.

உப்பு செய்யும் வேலை

ஆரோவில்லில் இருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் மரக்காணம். சாலையின் பக்கத்தில் உப்பளங்கள் பாத்தி பாத்தியாகத் தெரியும். உப்பு நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் வற்ற வைக்கிறார்கள். வற்ற வற்ற, உப்பு பூத்து நிற்கும். அதைப் பலகையால் வாரிக் குவிக்கிறார்கள்.

உங்கள் வீட்டுச் சுவரிலும் இதே வேலை நடக்கிறது!

கடல் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் இருக்கின்றன. அவை சுவரில் படிகின்றன. நிலத்தடியில் இருந்தும் உப்புத் தண்ணீர் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது. தண்ணீர் காய்ந்து போகும். உப்பு சுவருக்குள்ளேயே தங்கி விடும். தங்கிய உப்பு கல்லாக இறுகும்போது பூச்சை உள்ளே இருந்து தள்ளும். பூச்சு பொரிந்து கொட்டும். "சுவர் பூத்து விட்டது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கொள்ளும். மழைக் காலத்தில் சமையல் அறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்து இருப்பீர்களே! அதுபோலத்தான் சுவரும் கசியும். மேலே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் நிற்காது.

இவை எல்லாம் வெளியே தெரியும் வியாதி. உள்ளே ஒரு வியாதி இருக்கிறது. அதுதான் ஆபத்தானது.

காங்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. நல்ல காங்கிரீட் அந்தக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றும். உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் தொட்டு விட்டால் அந்தக் காவல் போய் விடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். உள்ளே இடம் ஏது? அதனால் காங்கிரீட்டைப் பிளந்து கொண்டு வெளியே வரும். முதலில் மயிரிழை போன்ற கீறல். பிறகு பழுப்புக் கறை. பிறகு ஒரு நாள், கூரையில் இருந்து ஒரு பாளம் கீழே விழும்.

இதைத் தடுக்க என்ன வழி? கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே போதுமான கனத்துக்குக் காங்கிரீட் இருக்க வேண்டும். கடற்கரைக் காற்று நேராகப் படும் காங்கிரீட்டுக்கு அந்தக் கனம் 45 மில்லிமீட்டர் வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம். உள்நாட்டில், மழையும் வெயிலும் நேராகப் படாத வீட்டுத் தளத்துக்கு 20 மில்லிமீட்டர் போதும். கடற்கரைக் கிராமத்திலும் பலர் உள்ளூர் வழக்கப்படி அந்த 20 மில்லிமீட்டரோடு நிறுத்தி விட்டார்கள். சிமெண்டைக் கலக்கவும் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றினார்கள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில், குளோரைடு என்னும் உப்புச் சத்து லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு. வாயில் விட்டால் கரிக்கும் தண்ணீரில் தளம் போட்டு இருந்தால், வியாதியை உள்ளேயே வைத்துப் பூசி விட்டார்கள் என்று பொருள்.

ஆகவே, வீட்டைப் பார்க்கப் போகும்போது போர் தண்ணீரை ஒரு வாய் ஊற்றிப் பாருங்கள். செலவு இல்லாத முதல் பரிசோதனை அது.

தட்டிப் பார்த்தால் தெரியும்

தரகர் காட்டும்போது வீட்டைப் பார்த்தால் போதாது. இரண்டாவது முறை, அனுபவம் உள்ள ஒரு கொத்தனாரையோ மேஸ்திரியையோ கூட்டிக் கொண்டு போக வேண்டும். அவருக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்து விடுங்கள். அந்த வீட்டு மராமத்து வேலையை அவருக்கே தருவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வேலை கிடைக்கும் என்று தெரிந்தால், சிலர் செலவைக் குறைத்துச் சொல்வார்கள்!

ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். கணவனுக்குத் திண்டிவனத்தில் வேலை. மனைவியும் சம்பாதிக்கிறாள். கையில் 14 லட்சம் சேர்த்து வைத்து இருக்கிறார்கள். மேலே சொன்ன 40 லட்ச ரூபாய் வீட்டை வாங்கி வாடகைக்கு விட எண்ணம். மேஸ்திரியோடு போகிறார்கள்.

மேஸ்திரி புது வெள்ளையைப் பார்ப்பது இல்லை. ஒரு மூங்கில் கழியை எடுத்துக் கூரையின் அடிப்பக்கத்தை அடிக்கு அடி தட்டிக் கொண்டே போகிறார். "டங், டங்" என்று கெட்டியான சத்தம் வருகிறது. சமையல் அறைக்கு வந்ததும் சத்தம் மாறுகிறது. "பொக், பொக்!"

"இங்கே காங்கிரீட் பிரிஞ்சு நிக்குது சார். மேலே பூசி மறைச்சிருக்காங்க" என்கிறார்.

"என்னங்க, குளியல் அறையிலேயும் அதே சத்தம்தான் வருது" என்கிறாள் மனைவி.

சமையல் அறையும் குளியல் அறையும்தான் எப்போதும் முதலில் கெடும். அங்கே ஈரம் அதிகம். அடுத்தது ஜன்னலுக்கு மேலே நீட்டிக் கொண்டு இருக்கும் சன்ஷேடு. அதற்கு அடுத்தது தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்து இருக்கும் இடம். இந்த நான்கையும் பார்த்து விட்டால் வீட்டின் ஜாதகம் பாதி தெரிந்து விடும்.

பிறகு மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். தட்டோடு பெயர்ந்து இருக்கிறதா? தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா? கீழே இறங்கி, சுவரின் அடியில் இருந்து எத்தனை அடி உயரத்துக்கு ஈரம் ஏறி இருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்ட வேண்டும். மர நிலையை ஒரு திருப்புளியால் குத்த வேண்டும். திருப்புளி உள்ளே இறங்கினால், கறையான் ஏற்கெனவே குடி வந்து விட்டது!

கூரையில் சந்தேகம் பலமாக இருந்தால் மேஸ்திரியோடு நிற்கக் கூடாது. கட்டிட என்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். அவர் காங்கிரீட்டில் சிறிது உடைத்து, பினாப்தலீன் என்ற மருந்தைத் தெளிப்பார். ரோஜா நிறம் வந்தால் அந்த இடத்தில் காங்கிரீட்டின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது. நிறம் வராவிட்டால் போய் விட்டது. ஆனால் உப்பு புகுந்த கூரையில் ரோஜா நிறம் வந்தும் கம்பி துருப்பிடித்து இருக்கலாம். அதனால் காங்கிரீட் தூளை எடுத்து, அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்றும் பரிசோதனைச் சாலையில் பார்க்கச் சொல்ல வேண்டும். இதற்குச் சில ஆயிரம் செலவாகும். 40 லட்ச ரூபாய்ச் சரக்கை வாங்குகிறவர், அந்தச் சில ஆயிரத்துக்குக் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரியாத விஷயம். கத்தரிக்காயைக் கூட அமுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

பழுதைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் தேவை இல்லை. புதுச்சேரி கடற்கரையில், பிரெஞ்சுக்காரர் காலத்து நகரசபைக் கட்டிடம் ஒன்று இருந்தது. மேரி கட்டிடம் என்பார்கள். 1870-களின் தொடக்கத்தில் கட்டியது. பழுது பார்க்க வேண்டும் என்று பல வருஷம் பேசிக் கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பர் 29-ந் தேதி மழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு பழைய அமைப்பிலேயே புதிதாகக் கட்டினார்கள். சுமார் 15 கோடி ரூபாய் செலவு. 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அங்கே சர்க்காருக்கு உலக வங்கி உதவியது. நமக்கு யார் உதவுவார்கள்?

கடலும் சட்டமும்

சில வீடுகளுக்கு மராமத்துக் கணக்கே போடத் தேவை இல்லை. எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்று திரும்பி விடலாம்.

கடல் அரிக்கும் கரையில் இருக்கும் வீடுகள் அவை. புதுச்சேரி துறைமுகத்துக்காக 1980-களில் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கில் இருந்து வடக்கே நகரும். சுவர்கள் அதைத் தடுத்தன. வடக்கே இருந்த ஊர்களுக்கு மணல் வருவது குறைந்தது. கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் கரைகளில் வீடுகள் போயின. கல் கொட்டித் தடுக்கிறார்கள். ஓர் இடத்தில் கல் கொட்டினால், அதற்கு வடக்கே அடுத்த ஊரில் அரிப்பு தொடங்குகிறது. மீனவர்களுக்குப் படகு நிறுத்த மணல் இல்லை. இந்த நிலையில், கடலைப் பார்த்த வீடு என்று ஆசைப்பட்டு வாங்கினால், அதற்கு எந்த மேஸ்திரி எஸ்டிமேட் போட முடியும்?

சட்டமும் குறுக்கே நிற்கும். கடற்கரை ஒழுங்கு விதிகள் 1991-ல் முதன்முதலாக வந்தன. பிறகு 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். கடல் நீர் ஏறும் எல்லைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை இந்த விதி பேசுகிறது. அதற்குள் கட்டிடமே கூடாது என்ற பகுதியும் உண்டு. அங்கே முறையாக அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம். இருக்கும் அளவுக்கு மேல் ஓர் அடி கூடக் கூட்டக் கூடாது. "மேலே ஒரு மாடி எழுப்பி வாடகையை இரட்டிப்பு ஆக்கலாம்" என்று தரகர் சொன்னால், முதலில் அந்த இடம் எந்தப் பகுதியில் வருகிறது என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் கட்டிய வீடு என்றால், பழுது பார்க்கும் உரிமையே சந்தேகம்.

பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரு வக்கீலிடம் காட்ட வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. சாலை ஓரத்து வீடாக இருந்தால், சாலை அகலப்படுத்த அந்த இடம் போகிறதா என்பதையும் தாலுகா ஆபீசில் விசாரியுங்கள். புதுத் தளம் போட்டு, புது வாசல் வைத்த பிறகு வாசல் போனால் யாரை நோவது?

கணக்குப் போடுவோம்

இனி அந்தத் திண்டிவனம் குடும்பத்துக்கு வருவோம். வீடு கடலில் இருந்து தள்ளித்தான் இருக்கிறது. பத்திரங்களும் சரி. 20 அடிக்கு 40 அடி. 800 சதுர அடி. மேஸ்திரி ஒரு நோட்டில் குறித்துத் தருகிறார். கீழே வரும் வீதங்கள் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக் கொண்டவை. உங்கள் ஊரில் கேட்டு மாற்றிக் கொள்ளுங்கள். முறைதான் முக்கியம்.

கூரையின் அடிப்பக்கத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது 200 சதுர அடி கெட்டு இருக்கிறது. அதை உடைத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, மருந்து பூசி, திரும்பக் கட்ட, அடிக்கு 400 ரூபாய் என்றால் 80 ஆயிரம் ரூபாய்.

சுவர் ஈரம் மூன்று அடி உயரத்துக்கு ஏறி இருக்கிறது. வெளிச்சுவரின் சுற்றளவு 120 அடி. 120-ஐ மூன்றால் பெருக்கினால் 360. உள்பக்கமும் அதே அளவு. மொத்தம் 720 சதுர அடி. பழைய பூச்சைச் செங்கல் தெரிய உரித்து, நல்ல தண்ணீரில் குழைத்துப் பூச, அடிக்கு 80 ரூபாய் என்றால் 57 ஆயிரத்து 600.

மொட்டை மாடிக்குத் தட்டோடு: 800 சதுர அடி, 120 ரூபாய் வீதம் 96 ஆயிரம். வயரிங் முழுவதும் மாற்ற 1 லட்சத்து 20 ஆயிரம். குளியல் அறை, குழாய் வேலை 1 லட்சத்து 50 ஆயிரம். துருப்பிடித்த ஜன்னல்கள், ஒரு நிலை 90 ஆயிரம். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி 80 ஆயிரம். பெயிண்ட் 4 ஆயிரம் சதுர அடிக்கு 20 ரூபாய் வீதம் 80 ஆயிரம்.

கூட்டினால் 7 லட்சத்து 53 ஆயிரத்து 600 ரூபாய்.

இதோடு முடிந்ததா? அதுதான் இல்லை. பழைய வீட்டை உடைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். 200 அடி என்று நினைத்த கூரை 260 அடியாக வளரும். அதற்காக 20 சதவீதம் தனியாக வைக்க வேண்டும். அது சுமார் 1 லட்சத்து 51 ஆயிரம். ஆக, மராமத்து 9 லட்சத்து 4 ஆயிரம்.

சென்ற வருஷம் யாருக்கோ போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டை நம்ப வேண்டாம். சிமெண்டு, மணல், கூலி எதுவும் நிலையாக நிற்பது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலை ஏறும்போது மட்டும் எஸ்டிமேட்டை மாற்றும் மேஸ்திரிகள் உண்டு. இறங்கும்போதும் மாற்றச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தை 4-ல் இருந்து 2 ஆகக் குறைத்தார்கள். நிலத்தின் அரசு வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். 40 லட்சத்துக்கு 9 சதவீதம், 3 லட்சத்து 60 ஆயிரம்.

வங்கி எவ்வளவு தரும்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை கடன் கேட்டால், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதித்து இருக்கிறது. 40 லட்சத்துக்கு 32 லட்சம் வரும். பாக்கி 8 லட்சம் கையில் இருந்து போக வேண்டும். பத்திரச் செலவை வீட்டு மதிப்போடு சேர்க்க மாட்டார்கள். மராமத்துக்குத் தனியாகக் கடன் கேட்க வேண்டும்.

32 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 27 ஆயிரத்து 800. மராமத்து நடக்கும் மூன்று மாதமும் வாடகை வராது. தவணை மட்டும் ஓடும். அது 83 ஆயிரத்து 400.

இப்போது கூட்டிப் பாருங்கள். விலை 40 லட்சம். பத்திரம் 3 லட்சத்து 60 ஆயிரம். மராமத்து 9 லட்சத்து 4 ஆயிரம். காத்திருந்த தவணை 83 ஆயிரம். மொத்தம் ஏறக்குறைய 53½ லட்சம் ரூபாய்!

கையில் இருந்து போவது மட்டும் 21½ லட்சம். குடும்பத்திடம் இருப்பது 14 லட்சம். பாக்கி 7½ லட்சத்துக்கு எங்கே போவார்கள்? தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். அல்லது பாதி மராமத்தோடு வீடு நிற்கும். பாதி மராமத்து வீட்டுக்கு நல்ல குடித்தனக்காரர் வருவாரா?

மாதம் 18 ஆயிரம் வாடகை வருகிறது என்றே வைத்துக் கொள்வோம். வருஷத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். 40 லட்சத்துக்கு என்று பார்த்தால் 5.4 சதவீதம். உண்மையில் போட்ட 53½ லட்சத்துக்கு என்று பார்த்தால் 4 சதவீதம்தான். தவணைக்கும் வாடகைக்கும் நடுவே மாதம் 9 ஆயிரத்து 800 ரூபாய் சம்பளத்தில் இருந்து போய்க் கொண்டே இருக்கும். வருமான வரியில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. வாடகை வருமானத்தில், கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை மராமத்து முதலியவற்றுக்கு என்று சட்டமே கழித்து விடுகிறது. நீங்கள் அதற்கு மேல் செலவு செய்தாலும் 30-தான். ஒரு பைசா செலவு செய்யாவிட்டாலும் 30-தான். இந்தக் கரையில் அந்த 30 பல வருஷங்களில் போதாது. கடற்காற்று ஒவ்வொரு வருஷமும் வேலை வைக்கும்.

எவ்வளவுக்குக் கேட்கலாம்?

தரகர் சொன்ன விலையில் இருந்து கீழே இறங்கிப் பேரம் பேசக் கூடாது. கணக்கை வேறு பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

அதே தெருவில், அதே அளவில், பழுது இல்லாத வீடு என்ன விலைக்குப் போகிறது? 46 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். அதில் இருந்து மராமத்து 9 லட்சத்து 4 ஆயிரத்தையும், காத்திருக்கும் செலவு 83 ஆயிரத்தையும் கழித்தால் சுமார் 36 லட்சம் வரும். அதுதான் அந்த வீட்டின் விலை. 40 என்பது வெள்ளை அடித்த விலை!

கூரை பாதிக்கு மேல் "பொக்" என்று சத்தம் போட்டு, பரிசோதனையிலும் உப்பு ஏறி இருந்தால் 36-ம் இல்லை. அப்போது மனை விலையில் இருந்து, இடித்து அள்ளும் கூலியைக் கழித்துக் கொண்டு கேட்க வேண்டும். ஒட்டுப் போட்டால் ஒட்டுப் போட்ட இடம் நிற்கும். அதன் பக்கத்தில் அடுத்த வருஷம் பிளக்கும். மராமத்து முடியவே முடியாது.

36-க்கே கிடைத்தாலும் இந்தக் குடும்பத்துக்கு அது எட்டுமா? கடன் 28 லட்சத்து 80 ஆயிரம். கையில் இருந்து 7 லட்சத்து 20 ஆயிரம். பத்திரம் 3 லட்சத்து 24 ஆயிரம். மராமத்தும் காத்திருப்பும் சேர்ந்து 9 லட்சத்து 80 ஆயிரம். ஆக 20 லட்சத்துக்கு மேல் வேண்டும். இன்னும் 6 லட்சம் குறைகிறது.

விலை நியாயமாகி விட்டது. கைதான் எட்டவில்லை. இரண்டும் வேறு வேறு. மராமத்துக் கடன் வாங்கி வாங்கலாம் என்கிறார் கணவர். அப்படிச் செய்தால் தவணை இன்னும் ஏறும், வாடகை ஏறாது. கடலில் இருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, செம்மண் மேட்டுப் பக்கம், இதைவிடச் சிறிய வீடாகப் பார்க்கலாம் என்கிறாள் மனைவி. எனக்கு மனைவியின் அபிப்பிராயமே சரி என்று படுகிறது.

அந்த மேட்டு ஊர்களில் இன்னொரு வசதியும் உண்டு. ஆரோவில் மண் கட்டிட நிலையம் 1989-ல் இருந்து, மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்டு சேர்த்து, எந்திரத்தில் அழுத்திச் சுடாத கல் செய்து கட்டும் முறையைக் கற்றுத் தருகிறது. அந்த வேலை பழகிய கொத்தனார்கள் சுற்று வட்டாரத்தில் இருக்கிறார்கள். கம்பி இல்லாமல் வளைவுக் கூரை போடும் வித்தையும் அவர்களில் சிலருக்குத் தெரியும். கம்பி இல்லாத இடத்தில் துரு எங்கே வரும்?

புயல் சொல்லும் சாட்சி

கடைசியாக ஒரு பரிசோதனை. இதற்கு என்ஜினீயர் வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் போதும்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர். மரக்காணம் உப்பளங்கள் தண்ணீருக்குள் போயின. அதற்கு முன்னால் 2020-ல் நிவர். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே.

"பெஞ்சல் அன்னைக்கு இந்த வீட்டுக்குள்ளே தண்ணி எவ்வளவு உயரம் நின்னதும்மா?" என்று கேளுங்கள். தரகர் மறைப்பார். சொந்தக்காரர் மழுப்புவார். பக்கத்து வீட்டு அம்மா முழங்காலைத் தொட்டுக் காட்டி விடுவார். அந்த உயரம் வரை சுவர் எத்தனை நாள் ஊறிக் கிடந்தது, எத்தனை நாள் கழித்து வடிந்தது என்றும் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். எத்தனை அடிக்குப் பூச்சு உரிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அளவு கிடையாது.

நம் திண்டிவனம் குடும்பம் கேட்டது. இடுப்பளவு என்று பதில் வந்தது. மேஸ்திரி நோட்டில் இருந்த மூன்று அடி, நாலு அடி ஆயிற்று. பூச்சுக் கணக்கில் 19 ஆயிரத்து 200 ரூபாய் கூடிற்று.

நோட்டை மடித்துப் பையில் வைத்துக் கொண்டு, "ஐப்பசி மழை ஒன்று பெய்யட்டும், பிறகு வந்து பேசுகிறோம்" என்று சொல்லி விட்டுப் பஸ் ஏறினார்கள்.